தட்டி வாசிக்கும் கிட்டார்: ஓங்கி அடிப்பதில் தொடங்கும் தவறுகள்

இரண்டு கைகளாலும் தட்டி வாசிக்கும் கிட்டாரைப் பழகத் தொடங்குகிறவர்கள் செய்கிற முதல் தவறு, ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் பழகுவது. ராத்திரி நேரம், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், எதற்குச் சத்தம் என்று கேபிளைச் செருகாமலே உட்கார்ந்துவிடுகிறோம். ஆம்பில் இணைக்காத எலெக்ட்ரிக் கிட்டாரில் விரலால் தட்டினால் காதுக்கு எட்டுவது லேசான 'டிக்' மட்டும்தான். கேட்கவில்லையே என்று கை தானாகவே ஓங்கும். முதல் ஆறு மாதம் நான் இப்படித்தான் பழகினேன். ஓங்கிப் பழகிய கையை இறக்குவதற்கு அதைப்போல இரண்டு மடங்கு காலம் ஆனது. மணிக்கட்டில் வலி, இசையில் ஃபிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மோதும் சத்தம், சுருதி எப்போதும் கொஞ்சம் ஏறியே நிற்பது எல்லாம் அந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தவை.

ஏன் ஓங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிக்கால் மீட்டும்போது கம்பியை இழுத்து விடுகிறோம். தட்டும்போது அப்படி இல்லை. விரல் கம்பியைக் கொண்டுபோய் ஃபிரெட்டில் மோதவைக்கிறது, அந்த மோதலில்தான் ஒலி பிறக்கிறது. ஒலி கூடுவதும் குறைவதும் விரல் இறங்கும் வேகத்தைப் பொறுத்தது. கம்பி ஃபிரெட்டைத் தொட்ட பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒலி துளியும் கூடாது, கம்பி இழுபட்டுச் சுருதிதான் ஏறும். ஆகவே தொட்ட கணத்தில் விரலின் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஸ்வரம் நிற்கும் அளவுக்குப் பிடித்திருந்தால் போதும்.

இதற்கு ஒரு சின்னப் பரிசோதனை. ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். 12வது ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் ஆள்காட்டி விரலை வைத்து, சில மில்லிமீட்டர் மட்டும் தூக்கி, விரல் தன் எடையிலேயே விழட்டும். நீங்கள் தள்ள வேண்டாம். அந்த ஒலி சாதாரணப் பேச்சு அளவுக்குக் கேட்கும் வரை ஆம்பின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றுங்கள். இனிமேல் உங்கள் மெல்லிய தட்டுக்கு அதுதான் அளவு. உரக்கக் கேட்க வேண்டிய இடத்துக்கு மட்டும் வேகத்தைக் கூட்டினால் சரி. கையின் வேலையை ஆம்புக்குக் கொடுப்பதுதான் இந்தப் பாணியின் அடிப்படை. மின்சாரம் இல்லாமல் இப்படியொரு கருவி பிறந்திருக்கவே முடியாது.

கிட்டார் போலப் பிடிப்பது

டேப்பிங், அதாவது தட்டி வாசிப்பது என்றதும் பலர் 1978இல் ராக் கிட்டார் கலைஞர் எட்டி வேன் ஹேலன் வாசித்ததை நினைப்பார்கள். அது அருமையான வாசிப்புதான். ஆனால் அங்கே வலக்கை அவ்வப்போது வந்து இடக்கைக்குக் கூடுதலாக ஒரு விரலைத் தருகிறது. நாம் பேசுவது, இரண்டு கைகளும் சமமாக, பியானோவில் போலத் தனித்தனி வேலை செய்யும் முறை. அமெரிக்காவில் ஜிம்மி வெப்ஸ்டர் 1950களிலேயே தட்டி வாசிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். டேவ் பங்கர் அதற்காகவே இரண்டு நெக் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து) வைத்த கிட்டாரைச் செய்தார். எம்மெட் சாப்மேன் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் 1969 ஆகஸ்ட் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கண்டுபிடித்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அவர் நெக்கைச் செங்குத்தாகத் தூக்கி, வலக்கையை எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். இரண்டு கைகளின் விரல்களும் ஃபிரெட்டுகளுக்கு இணையாக வந்து நின்றன. நான்கு விரல்களும் நான்கு ஃபிரெட்டில், இரண்டு கைகளுக்கும் அதே வசதி. இந்த முறைக்கென்றே அவர் செய்த, கிட்டார் உடல் இல்லாமல் அகன்ற நெக் மட்டுமே கொண்ட சாப்மேன் ஸ்டிக் 1974 முதல் விற்பனைக்கு வந்தது.

இதை அறியாமல் ஸ்டிக்கையோ, அதேபோலத் தட்டியே வாசிக்கும் டச் கிட்டாரையோ சாதாரண கிட்டார் போலப் படுக்கைவாட்டில் பிடித்தால், வலக்கையின் விரல்கள் கம்பிகளுக்கு இணையாகப் போய்விடும். ஒரு விரல் எட்டும், மற்ற மூன்றும் அந்தரத்தில் தொங்கும். அவற்றை எட்டவைக்க மணிக்கட்டை முறுக்கினால் இரண்டே வாரத்தில் வலி வந்து சேரும். ஸ்டிக்கில் இடுப்பு பெல்ட்டில் மாட்டும் கொக்கியும் தோள் பட்டையும் கொடுத்திருப்பது அழகுக்கு இல்லை. கருவி தானாக நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாலும் அது அசையாமல் நின்றால்தான் கைகள் விடுதலையாகும். சாப்மேன் தன் முறைக்கு வைத்த பெயரே 'விடுபட்ட கைகள்' என்ற பொருள் தருவதுதான்.

வலக்கை நகத்தை வெட்டிவிடுங்கள். கிளாசிகல் கிட்டாரிலிருந்து வருகிறவர்களுக்கு இது மனசு வராத காரியம். ஆனால் நகம் இருந்தால் விரல் நுனி கம்பியில் நேராக இறங்காது.

விரலை எடுப்பதும் ஒரு கலை

தட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எடுப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிட்டார் பழகிய கைக்கு விரலைப் பக்கவாட்டில் இழுத்து எடுக்கும் புல்-ஆஃப் பழக்கம் ஊறியிருக்கும். டேப்பிங்கில் அப்படி எடுத்தால் கேட்கத் தேவையில்லாத திறந்த கம்பி 'டொய்ங்' என்று பாடும். ஸ்டிக்கின் பத்துக் கம்பியில் இது நடந்தால் எல்லாம் சேறாகிவிடும். விரல் நேராக இறங்கி நேராக ஏற வேண்டும். ஸ்வரத்தை நிறுத்தும்போது முதலில் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், விரல் இன்னும் கம்பியைத் தொட்டபடியே இருக்கட்டும். ஒலி அடங்கிய பிறகு விரலை எடுங்கள். பியானோவில் கட்டையை விட்டதும் உள்ளே இருக்கும் டேம்பர் கம்பியின்மேல் விழுந்து ஒலியை அடக்கும். இங்கே அந்த வேலையைச் செய்வது உங்கள் விரல்.

எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் விரலுக்குப் பின்னால், நட் (நெக்கின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் இருக்கும் கம்பித் துண்டும் கொஞ்சம் அதிரும். அதற்காகத்தான் ஸ்டிக்கில் நட் அருகே டேம்பர் வைத்திருக்கிறார்கள். சாதாரண கிட்டாரில் பழகுகிறவர்கள் தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர் பேண்டை முதல் ஃபிரெட் பக்கத்தில் மாட்டினால் போதும், அருமையாக வேலை செய்யும். இறுக்கமாக மட்டும் மாட்டாதீர்கள், கீழ் ஃபிரெட்டுகளில் ஸ்வரம் செத்துப்போகும்.

செட்டப்

கையில் எவ்வளவு பயிற்சி இருந்தாலும், கம்பி ஃபிரெட்டிலிருந்து உயரமாக நின்றால் ஓங்காமல் ஒலி வராது. பல பேர் தங்கள் கையைக் குறைசொல்லிக்கொண்டு இருப்பார்கள், குற்றம் கருவியின் கம்பி உயரத்தில், அதாவது ஆக்‌ஷனில் இருக்கும். நெக் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். சோதிப்பது சுலபம்: ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே மெல்லிய காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதைவிட அதிகமென்றால் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல், பொறுமையாகச் சரிசெய்யுங்கள். அப்புறம்தான் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் உயரத்தைக் குறைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் ஒரு பக்கம் சரியாகும், இன்னொரு பக்கம் கெடும்.

கம்பியும் மெலிதாக இருக்கட்டும். கனமான கம்பி போட்டால் ஒலி கனமாகும் என்பது பிக்கில் வாசிப்பவர்களின் அனுபவம். தட்டி வாசிப்பவருக்குக் கனமான கம்பி என்றால் கூடுதல் உழைப்பு, அவ்வளவுதான்.

சுருதி அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் பழைய வடிவங்களைத் திணிப்பது

எனக்கு இந்தக் கருவியில் மிகப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பத்துக் கம்பி ஸ்டிக்கில் ஐந்து கம்பி மெலடிக்கு, ஐந்து பேஸுக்கு. மெலடிக் கம்பிகள் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஸ–ம உறவில் (ஒன்று ஸ என்றால் அடுத்தது ம) இருக்கும். பேஸ் கம்பிகள் ஸ–ப உறவில். இரண்டு பக்கத்திலும் மிகத் தாழ்ந்த கம்பி நெக்கின் நடுவில் இருக்கிறது, அங்கிருந்து இரண்டு ஓரங்களையும் நோக்கிச் சுருதி ஏறும். கிட்டாரில் படித்த, ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பேரே கார்டை இடக்கையில் கொண்டுவந்தால் ஒன்றும் பொருந்தாது. அப்படித் திணித்துப் பார்த்து, இந்தக் கருவி சரியில்லை என்று விற்றுவிட்டவர்களும் உண்டு.

பதிலுக்கு இதைச் செய்யுங்கள். நடுவில் உள்ள தாழ்ந்த பேஸ் கம்பியில் ஏதாவது ஒரு ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை வையுங்கள், அது ஸ. அடுத்த கம்பியில் அதே ஃபிரெட், அது ப. மூன்றாவது கம்பியில் இரண்டு ஃபிரெட் மேலே, அது மேல்ஸ்தாயி அந்தர காந்தாரம். மூன்று விரல், பக்கத்துப் பக்கத்து மூன்று கம்பி, ஒரு முழு மேஜர் கார்ட், அதுவும் பியானோவில் இடக்கையை அகல விரித்து வாசிப்பது போலக் காற்றோட்டமாகக் கேட்கும். அந்த மூன்றாவது விரலை ஒரு ஃபிரெட் இறக்குங்கள், சாதாரண காந்தாரம், மைனர் கார்ட். கையை அப்படியே நகர்த்தினால் எந்தச் சுருதியிலும் இதே வடிவம்தான்.

மெலடிப் பக்கத்திலும் அதே ஒழுங்கு உண்டு. சாதாரண கிட்டாரில் மூன்றாவது, இரண்டாவது கம்பிகளுக்கு இடையே மட்டும் உறவு மாறும், அதனால் ஒவ்வொரு வடிவமும் அங்கே உடையும். ஸ்டிக்கில் அந்த உடைப்பு இல்லை. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டான் ஆறு கம்பி கிட்டாரிலேயே எல்லாக் கம்பிகளையும் இப்படி ஒரே உறவில் சுருதி சேர்த்துக்கொண்டுதான் வாசிக்கிறார். 1985இல் வெளிவந்த 'மேஜிக் டச்' ஆல்பத்தில் அதைக் கேட்கலாம்.

நெக்கில் இடம் காட்டும் புள்ளிகளிலும் ஏமாறக் கூடாது. கிட்டாரில் 3, 5, 7, 9, 12 என்று புள்ளி வைத்திருப்பார்கள். ஸ்டிக்கில் ஐந்து ஃபிரெட்டுக்கு ஒன்று: 2, 7, 12, 17, 22. ஐந்து ஃபிரெட் என்பது ஸவிலிருந்து ம வரையுள்ள தூரம். மெலடிப் பக்கம் ஒரே கம்பியில் ஒரு புள்ளி மேலே போவதும் அதே இடத்தில் அடுத்த கம்பிக்குப் போவதும் ஒரே ஸ்வரம்தான். இதைப் புரிந்துகொண்டால் புள்ளிகளே வரைபடம் ஆகிவிடும்.

கேபிள், ஆம்ப், எஃபெக்ட்

ஒரு நிகழ்ச்சியில் மேடை ஏறிய பிறகு என் பேஸ் பக்கம் முழுக்க ஊமையாகிவிட்டது. கருவி கெட்டுவிட்டது என்று கை நடுங்கியது. நடந்தது இவ்வளவுதான்: ஒலி அமைப்பாளர் நல்ல எண்ணத்தில் என் பழைய கேபிளை மாற்றிப் புத்தம்புதிய கிட்டார் கேபிள் ஒன்றைக் கொடுத்திருந்தார். ஸ்டிக்கில் மெலடியும் பேஸும் ஒரே ஸ்டீரியோ ஜாக்கில் இரண்டு தனி சிக்னலாக வெளியே வருகின்றன. சாதாரண கிட்டார் கேபிள் மோனோ. இரண்டாவது சிக்னலைத் தொட வேண்டிய இடத்தில் அதன் பிளக்கில் எர்த் உலோகம்தான் இருக்கும், ஆகவே ஒரு பக்கம் அப்படியே எர்த் ஆகிவிடும். மோனோ ஸ்விட்ச் உள்ள பிக்கப் என்றால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஒரு முனையில் ஸ்டீரியோ பிளக்கும் மறு முனையில் இரண்டு மோனோ பிளக்கும் உள்ள ஒய் கேபிள் வேண்டும். அதில் இரண்டு வாங்கி, இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஒரே கிட்டார் ஆம்பில் இரண்டு பக்கத்தையும் செருகுவது அடுத்த தவறு. கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். ஸ்டிக்கின் வழக்கமான சுருதியில் தாழ்ந்த கம்பி சுமார் 33 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் 41 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கீழே. கிட்டார் ஸ்பீக்கர் அதைத் தாங்காது. பேஸ் ஆம்பில் மட்டும் போட்டால் மெலடி போர்வைக்குள் இருந்து பாடுவது போல இருக்கும். ஆளுக்கொரு ஆம்ப், அல்லது முழு அலைவரிசையையும் தரும் கீபோர்டு ஆம்ப், இல்லையென்றால் நேராக மேடையின் பி.ஏ. ஒலி அமைப்பு.

எதிரொலி தரும் ரிவெர்ப், டிலே எல்லாம் மெலடிப் பக்கத்துக்கு மட்டும் போதும். தாழ்ந்த ஸ்வரங்கள் எதிரொலித்தால் தாளமே கலங்கிவிடும். உரத்த, மெல்லிய ஒலிகளைச் சமன்செய்யும் கம்ப்ரெஸர் இரண்டு பக்கத்துக்கும் நல்லது, ஆனால் மிதமாக. அதிகமானால் ஃபிரெட்டின் 'டக்' சத்தமும் மேலே வந்துவிடும், மெல்ல வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் ஒன்றுபோலக் கேட்கும். மெனக்கெட்டுப் பழகிய மென்மை அங்கே வீணாகிறது.

எதை வாங்குவது

எல்லா டேப்பிங் கருவியும் ஸ்டிக் இல்லை. வார் கிட்டாருக்குக் கிட்டார் போல உடல் உண்டு, மீட்டியும் வாசிக்கலாம். கிங் கிரிம்ஸன் என்ற ராக் குழுவில் ட்ரே கன் வாசித்தது அது. மார்கஸ் ராய்ட்டர் வாசிக்கும் எட்டுக் கம்பி டச் கிட்டார் வேறு ரகம். ஸ்டிக் என்றால் பேஸ் கருவி என்று நினைப்பதும் தப்பு. டோனி லெவின் அடிப்படையில் பேஸ் கலைஞர், அவர் வழியாகத்தான் உலகம் ஸ்டிக்கை அறிந்தது, அதனால் வந்த எண்ணம் அது. கிரெக் ஹோவர்ட், பாப் கல்பர்ட்சன் போன்ற ஸ்டிக் கலைஞர்களைக் கேளுங்கள். ஒரே ஆள் முழுக் கச்சேரி செய்வார்.

வாங்கும் முன் நெக்கின் அளவைப் பாருங்கள். 36 அங்குல ஸ்டிக்கில் முதல் ஃபிரெட்டின் இடைவெளி ஏறத்தாழ 5 செ.மீ. வழக்கமான 25.5 அங்குல கிட்டாரில் அது 3.6 செ.மீ. சின்னக் கை உள்ளவர்கள் ஒரு முறை கையில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். வசதி இல்லாதவர்கள் காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஆறு கம்பி கிட்டாரின் ஆக்‌ஷனை இறக்கி, எல்லாக் கம்பியையும் ஸ–ம உறவில் சேர்த்து, ரப்பர் பேண்டை மாட்டுங்கள்.

கருவி எதுவானாலும் முதல் மாதம் இரண்டு கைகளையும் சேர்க்காதீர்கள். இடக்கையில் ஒரு சின்னப் பேஸ் சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே தாளம் தவறாமல் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்த அன்று வலக்கையைக் கொண்டுவந்து அதன் மேல் ஒரே ஒரு ஸ்வரத்தை வையுங்கள், விரலின் எடையிலேயே.