அந்தக் கண்ணை விட்டுவிடுங்கள்: ரீடச்சிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ரீடச்சிங், அதாவது எடுத்த புகைப்படத்தைக் கணினியில் திருத்துவது, பழகுகிறவர்கள் கருத்துக் கேட்டு அனுப்பும் படங்களைத் திறந்தாலே, பழைய என்னைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. தோலை மெழுகாக்குவது, பல்லைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்க வைப்பது எல்லாம் இரண்டு மாதத்தில் அவர்களுக்கே சலித்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு கண்ணையும் ஒன்றுபோல் ஆக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு வயதானவரின் படம் வந்தது. இடது இமை சற்றுத் தொங்கியிருந்தது. எடுத்த நொடியில் கண்ணை இமைத்திருப்பார் என்று நானே முடிவுகட்டி, வலது கண்ணை நகலெடுத்து, இடவலம் திருப்பி, இடது பக்கம் வைத்து, ஓரங்களை மாஸ்க் போட்டு இழைத்து, சுற்றியிருந்த சுருக்கங்களைக்கூடப் பொருத்தினேன். ஒட்டுப் போட்டது தெரியவே தெரியாது. பெருமையாகப் பெரிய பிரிண்டும் போட்டாயிற்று. வாங்க வந்த மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்பா மாதிரி இல்லையே" என்றார். எது இடிக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் அப்போது புரியவில்லை.

அவர் போனபின் பெரிதாக்கிப் பார்த்தால், கருவிழியில் விழும் வெளிச்சப் புள்ளி. ஜன்னல் ஒரு பக்கம் இருந்தால் இரண்டு கண்ணிலும் புள்ளி அந்தப் பக்கமாகவே விழும். நான் திருப்பி ஒட்டியதில் ஒரு கண்ணில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். சரி, இதுதான் விஷயம் என்று புள்ளியை மட்டும் மாற்றினேன். அப்போதும் அப்பா வரவில்லை. அந்த இமை அவருக்குப் பல வருடமாகவே அப்படித்தானாம், நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எந்த முகத்திலும் இரண்டு பாதி ஒன்றுபோல் இருப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை, தன் முகத்தை ஒருவர் தினமும் கண்ணாடியில் இடவலம் மாறித்தான் பார்க்கிறார், அதனால் படத்தில் பார்த்ததும் "என்ன, மூஞ்சி கோணலா இருக்கு?" என்பார். வீட்டில் இருப்பவர்கள் அந்தக் கோணலோடுதான் அவரைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அதனால் யார் கேட்டார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். பத்து நாளில் தானாக மறையும் பரு, கீறல், நெற்றியில் ஒட்டிய முடி இதெல்லாம் கேட்காமலே எடுக்கலாம். மச்சம், தழும்பு, தொங்கிய இமை, வளைந்த மூக்கு இவற்றைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கடைசியில் அவர்களிடம் படத்தை மறுபடி கேட்டு வாங்கி, மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி பிரிண்ட் போட்டேன், எல்லாம் என் கைக்காசு.

அசல் கோப்பின் மேலேயே சேமிப்பது

ஏன் மறுபடி ஸ்கேன் செய்தேன் என்று நினைக்கிறீர்கள்?

தோல் நிறத்தில் விளையாடுவது

1994 ஜூனில், கொலை வழக்கில் கைதான கறுப்பின அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைப் போலீஸ் எடுத்த அதே ஒரு படம் டைம், நியூஸ்வீக் என்ற இரண்டு அமெரிக்க வார இதழ்களின் அட்டையிலும் வந்தது. நியூஸ்வீக் ஏறக்குறைய அப்படியே போட்டது, டைம் அட்டையிலோ முகம் கறுத்து, சுற்றிலும் இருட்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை, விசாரணை தொடங்கும் முன்பே ஒன்றில் தீர்ப்பு எழுதியதுபோல் இருந்தது. புதியவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர், யாரும் கேட்காமலே வெளுப்பாக்குகிறார்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் படம் முழுவதற்கும் ஏற்றுங்கள். முகத்தை மட்டும் ஏற்றினால் கழுத்தும் கையும் காட்டிக்கொடுத்துவிடும்.

லிக்விஃபையில் இடுப்பை உள்ளே தள்ளுவது

இந்தக் கருவி படத்தைத் தள்ளி இழுத்து நெளிக்கும், இடுப்போடு பின்னால் இருக்கும் கதவு நிலையும் வளையும். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.

செய்திப் படத்தை 'அழகாக்குவது'

வேண்டாம். 2003-இல் ஈராக் போரில் செய்திப் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக இணைத்தார். பின்னணியில் இருந்த சிலர் இரண்டு முறை தெரிந்தார்கள். அவர் வேலை பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் அவரை வேலையைவிட்டே நீக்கியது.

ஒரே பொத்தானில் தெளிவாக்குவது

மங்கலான படத்தில் இல்லாத விவரத்தை அந்த ஏஐ கருவி எங்கிருந்து கொண்டுவரும்? தான் பயின்ற மற்ற முகங்களை வைத்து ஊகித்து வரைந்துவிடும். நீங்கள் பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாக இருக்கும், ஆனால் ஆள் வேறு. போன மாதம் ஒருவர் இப்படி ஒரு பழைய குழுப்படத்தை அனுப்பியிருந்தார். பின்வரிசையில் வாயை மூடி நின்ற பாட்டிக்கு வரிசையாகப் பல் முளைத்திருந்தது. அனுப்பியவர் அதைக் கவனிக்கவில்லை. முன்வரிசைத் தாத்தாவின் இரண்டு கண்ணும் எப்படி ஒன்றுபோல் வந்திருக்கிறது பாருங்கள் என்று எழுதியிருந்தார்.