ஈஸ்டருக்கு மிஷன் ஃபீல்ட் போற டீமா நீங்க? சின்ன சபையை உற்சாகப்படுத்துறது எப்படி

ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாட்கள் பாதி தாண்டினதும் வாலிபர் ஐக்கியத்துல யாராவது ஒருத்தர் "இந்த வருஷம் மிஷனெரிங்க ஊழியம் செய்யுற ஃபீல்டுக்கு ஒரு டீம் போலாமா"ன்னு ஆரம்பிப்பாங்க. ட்ரெயின் டிக்கெட், ஒரே கலர்ல டீஷர்ட், பேனர், பிள்ளைங்களுக்கு பென்சில் பாக்ஸ்னு எல்லாம் மளமளன்னு ரெடியாகிடும், ஆனா அங்க போய் அந்த ஜனங்க கிட்ட என்ன சொல்லப்போறோம்ங்கறது மட்டும் ட்ரெயின் ஏறி, கட்டுச்சோறு பிரிச்ச பிறகு தான் பேச்சுக்கே வரும். அதுக்காக தான் இதை எழுதுறேன். ஒடிசா, ஜார்கண்ட், தெலங்கானா மாதிரி இடங்கள்ல முதல் தலைமுறை விசுவாசிங்க கொஞ்ச பேரே கூடுற சின்ன சபைகள் தான் என் மனசுல இருக்கு.

முதல்ல தேதி. ஈஸ்டர் அன்னைக்கே போய் நிக்கணும்னு அடம் பிடிக்காதீங்க. அங்க இருக்குற மிஷனெரி அன்னைக்கு நாலஞ்சு கிராமத்துக்கு பைக்ல ஓடணும், உங்களுக்கு சாப்பாடு, தங்குற இடம், டாய்லெட்னு பாக்குற வேலையும் அவர் தலையில விழுந்தா ஆராதனையே அவருக்கு பாரமாகிடும். அதோட அது அவங்க சபையோட பண்டிகை, வெளியூர்ல இருந்து வந்த டீம் மைக்கை பிடிச்சிட்டா அவங்க சொந்த வீட்டுலயே விருந்தாளி ஆயிடுவாங்க. உயிர்த்தெழுதலை ஒரு நாள்ல கொண்டாடி முடிக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல, பெந்தெகொஸ்தே வரைக்கும் 50 நாள் இருக்கு. என்னை கேட்டா அடுத்த ஞாயிறு தான் பெஸ்ட். முதல் ஈஸ்டர் சாயங்காலம் இயேசு சீஷர்களுக்கு முன்னாடி வந்தப்போ தோமா அங்க இல்ல, ஒரு வாரம் கழிச்சு தான் அவருக்கு தரிசனம் கிடைச்சுது, அதனால அவர் ஒண்ணும் குறைஞ்சு போயிடல. அந்த தோமா பேரோட சேர்ந்த பரங்கிமலையை தினம் பாக்குற சென்னைக்காரங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி டீம் மொத்தமும் உக்காந்து 1 கொரிந்தியர் 15-ஐ சத்தமா முழுசா வாசிங்க. அடக்க ஆராதனையில கேட்டு கேட்டு அது மரணத்துக்கான அதிகாரம்னு நமக்கு பதிஞ்சு போச்சு. ஆனா அது ஒரு மிஷன் சபைக்கு போன லெட்டர். பவுல் கொரிந்துல ஒன்றரை வருஷம் தங்கி அந்த சபையை கட்டினார், சில வருஷம் கழிச்சு எபேசுல இருந்து இதை எழுதுறார், அதுக்குள்ள அங்க கோஷ்டி சண்டை, கோர்ட் கேஸ், திருவிருந்து பந்தியிலயே ஒருத்தன் பசியா இருக்க இன்னொருத்தன் குடிச்சு வெறிச்சிருந்த கேவலம் எல்லாம் வந்தாச்சு, போதாததுக்கு உயிர்த்தெழுதலே கிடையாதுன்னு சிலர் பேசுறாங்க. ஃபீல்ட் சபையில ரெண்டு குடும்பம் பேசிக்கறதில்லன்னு தெரிஞ்சதும் "இவ்ளோ பணம் அனுப்பியும் இப்படியா"ன்னு முகம் சுளிக்கிறவங்க இந்த லெட்டரை இன்னொரு வாட்டி வாசிக்கலாம். பவுல் அவங்களை விட்டுட்டு போகல. உயிர்த்தெழுந்த இயேசு கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்கு தரிசனமானார், பன்னிருவருக்கு, ஒரே வேளையில 500 பேருக்கு மேல, அதுல நிறைய பேர் இன்னும் உயிரோட இருக்காங்கன்னு சாட்சிகளை வரிசையா நிறுத்தி, கடைசியில 58-ம் வசனத்துல கர்த்தருக்குள்ள நீங்க படுற பிரயாசம் விருதா இல்ல, வீணாகாதுன்னு முடிக்கிறார். நீங்க அங்க போய் சொல்ல வேண்டியதும் அது தான், அதை எந்தெந்த வழியில சொல்லலாம்ங்கறது தான் மீதி எல்லாம்.

இப்போ முக்கியமான இடம். போன ஈஸ்டர்ல இருந்து இந்த ஈஸ்டருக்குள்ள அந்த சபையில யார் யார் இறந்தாங்கன்னு மிஷனெரி கிட்ட முன்கூட்டியே போன்ல கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கோங்க. பேர், யாரோட அம்மா, எந்த மாசம், எங்க அடக்கம் பண்ணாங்க. நமக்கு கல்லறைத் தோட்டம் சர்ச்சுக்கு பக்கத்துலயே இருக்கு, பாட்டன் பூட்டன் எல்லாம் அங்கயே தூங்குறாங்க, அதனால ஒரு முதல் தலைமுறை விசுவாசிக்கு சாவுன்னா என்னன்னு நமக்கு சட்டுன்னு புரியாது. எங்க புதைக்கிறதுங்கறதே அங்க சில ஊர்ல பெரிய பிரச்சனை. சொந்தக்காரங்க வர மாட்டாங்க, வந்தாலும் "சாமியை மாத்தின, அதான் இப்படி ஆச்சு"ன்னு திண்ணையில உக்காந்து காதுபட பேசுவாங்க. ஊரே அந்த வீட்டை தான் பாத்துட்டு இருக்கும், இவங்க நம்பிக்கை என்ன லட்சணம்னு. உயிர்த்தெழுதல் அங்க ஞாயிறு பிரசங்க தலைப்பு இல்லங்க, அந்த விதவை அக்கா நாளைக்கு காலைல கிணத்தடிக்கு எந்த முகத்தோட போறதுங்கற கேள்வி.

அதனால மேடை ப்ரோக்ராமுக்கு முன்னாடி அந்த வீடுகளுக்கு போங்க. மூணு பேருக்கு மேல போக வேண்டாம், கிட்டார் வேண்டாம். தரையில உக்காருங்க, இறந்தவங்களை பத்தி அவங்களையே சொல்ல விடுங்க, மொழி தெரியாட்டியும் பரவாயில்ல, மிஷனெரி மெதுவா சொல்லுவார். போட்டோ ஏதாவது வச்சிருந்தா எடுத்து காட்டுவாங்க, ஆதார் கார்டு போட்டோவை பெருசு பண்ணி பிளாஸ்டிக் ஃப்ரேம் போட்டு வச்சிருப்பாங்க, அதை கையில வாங்கி நிதானமா பாருங்க. "அழக்கூடாது, பரலோகத்துல சந்தோஷமா இருப்பாங்க"ன்னு அவசரமா மூடி போடாதீங்க. லாசரு கல்லறை கிட்ட ஆண்டவரே அழுதார், அதுவும் எழுப்பப்போறோம்னு தெரிஞ்சே அழுதார். தெசலோனிக்கே சபையும் இப்படித்தான், பவுல் அங்க கொஞ்ச நாள் தான் இருந்தார், அதுக்குள்ள துரத்திட்டாங்க, அவர் போன பிறகு சபையில சாவு விழுந்து ஜனங்க கலங்கிட்டாங்க. அவங்களுக்கு அவர் எழுதினது நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னு தான், துக்கமே படாதீங்கன்னு இல்ல. 1 தெசலோனிக்கேயர் 4:13-ல இருந்து 18 வரை வாசிச்சு, ஒரு சின்ன ஜெபம், அந்த பேரை சொல்லி. போதும்.

செய்தி கொடுக்குறவங்களுக்கு: ஆதாரம், ஆராய்ச்சி, காலி கல்லறைக்கு ஏழு நிரூபணம்னு யூட்யூப்ல கேட்டதை அப்படியே இறக்காதீங்க. கதையா சொல்லுங்க. விடியக்காலம் சுகந்தவர்க்கம் எடுத்துட்டு போன பெண்கள் வழி முழுக்க "கல்லை யார் புரட்டுவா"ன்னு கவலைப்பட்டுட்டே போனதை சொன்னீங்கன்னா முன்வரிசையில இருக்குற அக்காமார் நிமிர்ந்து உக்காருவாங்க. இயேசு ஆவியா வந்தாரா, இல்ல வேற ஜென்மம் எடுத்தாரான்னு நிறைய பேருக்கு உள்ளுக்குள்ள குழப்பம் இருக்கும், கேட்க வெட்கப்படுவாங்க, அதனால லூக்கா 24-ஐ கையில எடுங்க. கையையும் காலையும் காட்டினார், தொட்டு பாருங்கன்னார், அப்பவும் நம்பாம நின்னதால சாப்பிட ஏதாவது இருக்கான்னு கேட்டு பொரிச்ச மீனை அவங்க முன்னாடியே சாப்பிட்டார். அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது. முடிச்சதும் சபைல இருந்தே யாரையாவது அதே கதையை அவங்க பாஷையில திரும்ப சொல்ல சொல்லுங்க, உங்க பிரசங்கத்தை விட அது நல்லா இருக்கும், இருக்கட்டும்.

அதிகாலை ஆராதனைக்கு உதவி கேட்டாங்கன்னா ரெண்டு விஷயம். கிழக்க போகப்போக சூரியன் சீக்கிரம் வந்துடும், ஏப்ரல்ல திருநெல்வேலியில 6 மணி தாண்டுற சூரிய உதயம் ராஞ்சி பக்கம் 5:30 வாக்குலயே முடிஞ்சிரும், நம்ம ஊர் டைம்ல அலாரம் வச்சா வெயில்ல தான் பாட்டு பாடணும். ரெண்டாவது, இரவு 10-ல இருந்து காலை 6 வரை லவுட்ஸ்பீக்கர் சட்டப்படி கூடாது, அதனால மைக் இல்லாமலே பாடுங்க. கல்லறை இருக்குற ஊர்னா அங்கயே போய் பாடலாம். ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்கற சின்ன ஊர்ல 1732 ஈஸ்டர் அன்னைக்கு மொரேவியங்கற புராட்டஸ்டன்ட் சபையோட வாலிபர்கள் இருட்டோட கல்லறைத் தோட்டத்துக்கு போய் பாடினது தான் இந்த சூரிய உதய ஆராதனையோட ஆரம்பம்னு சொல்வாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல அந்த குட்டி சபை தன்னோட முதல் மிஷனெரிங்களை கரீபியன் தீவுக்கு அனுப்பிடுச்சு. 1760-ல அவங்க ஆளுங்க நம்ம தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினாங்க. அனுப்புறதுக்கு பெரிய சபையா இருக்கணும்னு யார் சொன்னா? இதை ஃபீல்ட் சபைல சொல்லுங்க, அவங்களும் அனுப்புற சபை தான்னு அவங்களுக்கு தெரியணும். தெலங்கானாவுல இருக்குற தோர்ணக்கல்ல அசரியா பேராயர் ஞானஸ்நானம் எடுத்தவங்களை அவங்கவங்க தலையில கை வச்சு "சுவிசேஷத்தை அறிவிக்காட்டி எனக்கு ஐயோ"ன்னு சொல்ல வைப்பாராம், 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சப்போ முன்ன நின்னவர், ஜனங்களை உதவி வாங்குறவங்களாவே வச்சிருக்க அவருக்கு இஷ்டமில்ல.

மிஷனெரி குடும்பத்தை மறந்துடாதீங்க. நாம போனா அந்த அக்கா மூணு நாளும் அடுப்படியிலயே தான் நிப்பாங்க, நாம சாப்பிட்டு "சூப்பர்க்கா"ன்னு சொல்லிட்டு வந்துடுவோம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில ராத்திரி முழுக்க வலை போட்டு ஓஞ்சு வந்தவங்களுக்கு கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வச்சு "வாங்க சாப்பிடுங்க"ன்னார், பேதுருவை கேட்க வேண்டிய கேள்வியை சாப்பாடு முடிஞ்ச பிறகு தான் கேட்டார். ஒரு நாளாவது டீம் சமைக்கட்டும், நம்ம ஊர் புளிக்குழம்பும் கருவாடும் அவங்க சாப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சோ. பாத்திரம் கழுவுறதும் சேர்த்து தான் சொல்றேன். பிள்ளைங்க தூரத்துல ஹாஸ்டல்ல இருந்தா போற வழியில போய் பாத்துட்டு போங்க.

பணம் பத்தி பேச கூச்சப்பட வேண்டாம், பவுலே படல. 15:58-ல பிரயாசம் விருதா இல்லன்னு முடிச்சு, அடுத்த வசனமே தர்மப்பணத்தை பத்தி, வாரத்தோட முதல் நாள்ல அவனவன் எடுத்து வைக்கட்டும்னு. ஈஸ்டருக்கு ஒரு பெரிய செக் கொடுத்து போட்டோ எடுக்குறதை விட மாசாமாசம் சின்ன தொகை தவறாம போறது தான் ஃபீல்டுக்கு தெம்பு. நம்ம பாட்டிங்க உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை தனியா எடுத்து வச்சு காணிக்கை கொடுத்தவங்க, மிசோரம்ல 1910-ல இருந்து இதே மாதிரி கைப்பிடி அரிசி எடுத்து இன்னைக்கும் மிஷனெரிங்களை தாங்குறாங்க. ஆனா ஆராதனை இடத்துல துணி, பரிசு, பணம் எதையும் விநியோகம் பண்ணாதீங்க. ஒடிசாவுல 1967-லயே மதமாற்றத் தடைச் சட்டம் வந்தாச்சு, இப்போ பல மாநிலங்கள்ல இருக்கு, நீங்க பாசமா கொடுக்குற சேலை ஆசை காட்டினதா மாறி மிஷனெரி ஸ்டேஷன்ல நிக்க வேண்டி வரும், நீங்க அப்போ ஊர்ல இருப்பீங்க. போட்டோவும் அப்படித்தான், முகம் தெரியுற மாதிரி, ஊர் பேரோட ஸ்டேட்டஸ் போடவே கூடாது, ஞானஸ்நான வீடியோ சுத்தமா கூடாது.

திரும்பி வந்ததும் ஸ்லைட் ஷோ போட்டு முடிச்சிடாதீங்க. நோட்டுல எழுதின பேர்களை சபை ஜெபக்குழுவுக்கு மட்டும் கொடுத்து பெந்தெகொஸ்தே வரைக்கும் வாரா வாரம் ஜெபிக்க சொல்லுங்க. உங்க சபையில யார் இறந்தாலும் ஃபீல்ட் சபைக்கு சொல்லி ஜெபிக்க கேளுங்க, அவங்க அனுப்புற வாய்ஸ் மெசேஜை துக்க வீட்டுல போட்டு காட்டுங்க, பாஷை புரியலன்னாலும் போடுங்க. அந்த நோட்டுல இருக்குற நினைவு நாள் ஒவ்வொண்ணையும் டீம்ல ஒவ்வொருத்தர் போன் காலண்டர்ல ஏத்திக்கோங்க, அந்த நாள் வந்தா காலைலயே மிஷனெரிக்கு கால் பண்ணி அந்த வீட்டுக்கு போக சொல்லுங்க, அவர் போய் சேர்ந்ததும் ஸ்பீக்கர்ல போட சொல்லி நீங்களும் கூட ஜெபிங்க.