டர்போ காருக்குப் பிக்கிபேக் எரிபொருள் கருவி தேவையா? தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

டர்போ காரில் பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கூட்டிப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைப் பெரிதாகப் பொருத்த நினைப்பவர்கள், அந்தக் கூடுதல் பெட்ரோலை எஞ்சினுக்கு அளந்து கொடுப்பது எது என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ, காருடன் வந்த பழைய இன்ஜெக்டரின் அளவை நம்பியே கணக்குப் போடுகிறது. ஈசியூவின் நிரலைத் தொடாமல், அதற்கு வரும் சென்சார் சிக்னலை வழியிலேயே திருத்தி அனுப்பும் சிறிய பெட்டிக்குப் பிக்கிபேக் என்று பெயர்.

எடுத்துக்காட்டாக, 1990 முதல் 1999 வரையிலான மாடல்களாக அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தயாரான மிட்சுபிஷி எக்லிப்ஸ் டர்போவையும், அதன் 4ஜி63 எஞ்சினுக்குப் பலரும் வாங்கிய ஜப்பானிய அபெக்ஸி நிறுவனத்தின் எஸ்-ஏஎஃப்சி பெட்டியையும் எடுத்துக்கொள்கிறேன். பிக்கிபேக்கின் நன்மையும் ஆபத்தும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் கார் இது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஈசியூவை மறுநிரலாக்க வழியில்லாத பழைய காரில், இன்ஜெக்டரை ஒரு படி மட்டும் பெரிதாக்குபவருக்கு இந்தப் பெட்டி பயன்படும். மறுநிரலாக்க வழி இருக்கும் காருக்கு இதை வாங்குவது வீண் செலவு. ஏன் என்பதைப் படி 3 விளக்கும்.

படி 1: காற்றுக் கசிவைச் சோதியுங்கள்

இந்தக் காரில் காற்றோட்டத்தை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. டர்போவுக்குப் பின்னால் ஒரு குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தால், ஏற்கெனவே கணக்கில் சேர்ந்த காற்று வெளியேறிவிடும். ஈசியூவோ அந்தக் காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் விடும். கசிவுள்ள காரில் பிக்கிபேக்கைப் பொருத்தி பெட்ரோலைக் குறைத்து ட்யூன் செய்தவர், பின்னாளில் கசிவை அடைத்தால், கலவையில் பெட்ரோல் போதாமல் போகும். ஆகவே டர்போவின் வாயை அடைப்பானால் மூடி, கம்ப்ரசரிலிருந்து 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வும் இதே தொல்லையைத் தரும் என்பதால், அதன் வெளிக்குழாயைச் சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையில் திருப்பி இணையுங்கள்.

படி 2: இன்ஜெக்டர் கணக்கைப் போடுங்கள்

மேனுவல் கியர் எக்லிப்ஸ் டர்போவில் நிமிடத்துக்கு 450 சிசி விடும் நான்கு இன்ஜெக்டர்கள் உள்ளன. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரம், 1,20,000-ஐ ஆர்பிஎம்மால் வகுத்தால் வரும் மில்லி வினாடி. 6000 ஆர்பிஎம்மில் அது 20 மில்லி வினாடி. அந்த வேகத்தில் இன்ஜெக்டர் 17 மில்லி வினாடி திறந்திருந்தால் அதன் உழைப்பு 85%. அதற்கு மேல் போகவிடக் கூடாது. இந்த எல்லைக்குள் 450 சிசி இன்ஜெக்டர்கள் தோராயமாக 240 குதிரைத்திறனுக்கும், 660 சிசி இன்ஜெக்டர்கள் தோராயமாக 355 குதிரைத்திறனுக்கும் பெட்ரோல் கொடுக்கும். உங்கள் இலக்கு பழைய இன்ஜெக்டர்களின் எல்லைக்குள் இருந்தால், வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

பெரிய இன்ஜெக்டர் தேவை என்றால், பழைய அளவைப் புதிய அளவால் வகுக்க வேண்டும். 450-ஐ 660-ஆல் வகுத்தால் 0.68, அதாவது பெட்டியில் சுமார் −32% என்று பதிய வேண்டும். 550 சிசி என்றால் 0.82; அதாவது −18%. இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: டைமிங்குக்கு என்ன ஆகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மிட்சுபிஷியின் காற்றுச் சென்சார் கார்மன் சுழல் வகையைச் சேர்ந்தது. காற்று கூடக் கூட அதன் அலைவெண் ஏறும். ஏதோ ஒரு வேகத்தில் சென்சார் 1200 ஹெர்ட்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். −32% பதிந்த பெட்டி அதை 816 ஹெர்ட்ஸாகக் குறைத்து ஈசியூவுக்கு அனுப்பும். ஈசியூ 816-க்குரிய நேரம் மட்டுமே இன்ஜெக்டரைத் திறக்கும். ஆனால் திறப்பது 660 சிசி இன்ஜெக்டர் என்பதால், உள்ளே போகும் பெட்ரோல் ஏறக்குறைய 1200-க்கு உரியதாகவே இருக்கும். பெட்ரோல் கணக்கு நேராகிவிட்டது. பலரும் இந்த இடத்தில் நிறைவடைந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஈசியூ அதே காற்று எண்ணைக் கொண்டுதான் இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்பதையும், தீர்மானிக்கிறது. காற்றை ஆர்பிஎம்மால் வகுத்து எஞ்சினின் சுமையைக் கணித்து, அந்தச் சுமைக்குரிய டைமிங்கை அட்டவணையிலிருந்து எடுக்கிறது. சுமை குறைவாக இருந்தால், ஸ்பார்க் சீக்கிரமாக வரும்படி டைமிங்கை முன்னே தள்ளலாம் என்பது அட்டவணையின் ஏற்பாடு. நம் எஞ்சின் முழு பூஸ்ட்டில் உழைத்துக்கொண்டிருக்க, அது மூன்றில் ஒரு பங்கு குறைவாக உழைப்பதாக ஈசியூ நம்பி, டைமிங்கைச் சில டிகிரி முன்னே தள்ளிவிடுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் ஸ்பார்க்கும் முந்தினால், எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிக்கும். தொடர்ந்து அடித்தால் பிஸ்டனின் ரிங் இடுக்குகள் உடையும். பெட்டி ஒழுங்காக வேலை செய்வதன் விளைவே இது என்பதால், எவ்வளவு கவனமாக ட்யூன் செய்தாலும் முழுதாக மறையாது. −18% உள்ள 550 சிசி அமைப்பில் இந்தப் பிழை தாங்கக்கூடியது. −32% என்பதையே நான் எல்லையாகக் கருதுகிறேன். அதற்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் தலைமுறைக் காரில் (1990–94) கேம் ஷாஃப்டின் கோணத்தைக் காட்டும் கேம் சென்சாரைத் திருப்பி, 5 டிகிரி அடிப்படை டைமிங்கைப் பின்னே தள்ளிச் சிலர் ஈடுகட்டுகிறார்கள். அது எல்லா வேகத்திலும் டைமிங்கைக் குறைப்பதால், ஐடிலும் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் நிலை) மெதுவான ஓட்டமும் மந்தமாகிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காற்று அளவு எல்லை மீறினால் பெட்ரோலை நிறுத்தி எஞ்சினைக் காக்கும் ஃப்யூயல் கட் ஏற்பாடும், சிக்னல் குறைக்கப்பட்டதால் தாமதமாகவே விழித்துக்கொள்ளும். ஃப்யூயல் கட் தொல்லை போய்விட்டது என்று மகிழ்பவர்கள், இழந்தது ஒரு பாதுகாப்பு என்பதை உணர வேண்டும்.

படி 4: அளக்கும் கருவிகளை முதலில் வாங்குங்கள்

புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும், ஈசியூவின் தரவைப் பதிவு செய்யும் லாகரும் இல்லாமல் பிக்கிபேக்கைத் தொடவே கூடாது. காருடன் வந்த நேரோபேண்ட் சென்சார் 14.7 விகிதத்துக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பதை மட்டுமே நம்பத்தக்க விதத்தில் சொல்லும். முழு பூஸ்ட்டில் நமக்குத் தேவையான 11 முதல் 11.5 வரையிலான அளவை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. இவற்றின் விலையையும் பெட்டியின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பிக்கிபேக் மலிவு என்ற எண்ணம் பெரும்பாலும் அங்கேயே மாறிவிடும். அமெரிக்காவில் பொதுச் சாலையில் ஓடும் காரின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சேதப்படுத்துவதைத் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படி 5: வயரிங்

காற்றுச் சென்சாரின் சிக்னல் வயரை மட்டுமே வெட்டிப் பெட்டியின் வழியாகச் செலுத்த வேண்டும். ஆர்பிஎம், திராட்டில் (முடுக்கியை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்ற சிக்னல்), மின்சாரம், எர்த் ஆகியவற்றை வெட்டாமல் கிளையாக எடுத்தால் போதும். உங்கள் ஆண்டு மாடலுக்குரிய வயரிங் படத்தைப் பார்த்தே ஒவ்வொரு வயரையும் உறுதி செய்து, இணைப்புகளைச் சால்டர் வைத்து ஒட்டுங்கள். அழுத்திக் கடிக்கும் கிளிப்புகள் நாளடைவில் தளர்ந்து, ஓடும்போது காற்றுச் சிக்னலே அறுந்துபோக இடமுண்டு.

படி 6: மிதமான ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள்

பெட்டியில் குறைந்த திராட்டிலுக்கு ஒரு வரிசையும் அதிகத் திராட்டிலுக்கு ஒரு வரிசையுமாக, ஆர்பிஎம் வாரியாக எண்கள் உண்டு. 660 சிசி இன்ஜெக்டர் என்றால், குறைந்த திராட்டில் வரிசை முழுவதிலும் −32% பதிந்து, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சீரான வேகத்தில் ஓட்டி லாகரில் ஈசியூ தானாகச் செய்யும் பெட்ரோல் திருத்தமான ஃப்யூயல் ட்ரிம்மைப் பாருங்கள் (100 என்றால் திருத்தம் இல்லை). ட்ரிம் 100-க்கு மேலே நின்றால் ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். −32-ஐ −30 ஆக்குங்கள். 100-க்குக் கீழே நின்றால் எதிர்த்திசையில் மாற்றுங்கள். ஈசியூ புதிய ட்ரிம்மைக் கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போதிய தூரம் ஓட்டிய பின்பே மீண்டும் பாருங்கள்.

ஐடிலில் மட்டும் ட்ரிம் பிடிவாதமாக விலகி நிற்கக்கூடும். இன்ஜெக்டர் மின்சாரம் கிடைத்த பின் திறக்க எடுக்கும் தாமதம், பெரிய இன்ஜெக்டரில் வேறாக இருப்பதே காரணம். ஐடிலில் திறப்பு நேரமே மிகச் சிறியது என்பதால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். தாழ்ந்த ஆர்பிஎம் எண்ணைத் தனியாக மாற்றி இதை ஓரளவு சமாளிக்கலாம்.

படி 7: முழுத் திராட்டில்

இதை டைனோவிலோ (காரை நிறுத்திவைத்தே ஓட்டி அளக்கும் உருளை மேடை) மூடிய ஓட்டக்களத்திலோ மட்டுமே செய்யுங்கள். அதே 660 சிசி இன்ஜெக்டருக்கு அதிகத் திராட்டில் வரிசையில் −25% என்று, வேண்டுமென்றே பெட்ரோல் கூடுதலாக இருக்கும்படி பதியுங்கள். பூஸ்ட்டையும் குறைவாக வைத்து, மூன்றாம் கியரில் 3000 ஆர்பிஎம்மிலிருந்து முழுத் திராட்டிலில் ஏற்றி, வைட்பேண்ட் எண்ணையும் நாக் எண்ணிக்கையையும் டைமிங்கையும் ஒருசேரப் பதிவு செய்யுங்கள். விகிதம் 12-ஐத் தாண்டினாலோ நாக் எண்ணிக்கை ஏறத் தொடங்கினாலோ உடனே காலை எடுத்துவிட வேண்டும். எல்லாம் சீராக இருந்தால் ஒரு தடவைக்கு 1 அல்லது 2% மட்டும் குறைத்து, 11 முதல் 11.5 வரை கொண்டுவந்து நிறுத்துங்கள்.

நாக் தொடர்ந்தால் பெட்ரோலை ஊற்றி அதை அடக்கப் பார்க்காதீர்கள், பூஸ்ட்டைக் குறையுங்கள். எஞ்சினைத் தொட்டு அதிரும் தகடுகளின் ஓசையையும் நாக் என்று சென்சார் எண்ணிவிடும் என்பதால், அத்தகைய தகடுகளை இறுக்கிவிட்டு மறுபடி சோதிப்பது நல்லது.

எப்போது மறுநிரலாக்கம்?

இரண்டாம் தலைமுறையின் 1995 மாடல் ஈசியூக்கள் பலவற்றில் சிப்பை மாற்றும் வசதி உண்டு. இசிஎம்லிங்க் போன்ற மறுநிரலாக்க அமைப்பைப் பொருத்தினால் இன்ஜெக்டர் அளவையும் அதன் தாமதத்தையும் உள்ளபடியே ஈசியூவுக்குச் சொல்லிவிடலாம். காற்று எண் உண்மையாகவே இருப்பதால் டைமிங்கும் தன் இடத்திலேயே நிற்கும். 660 சிசிக்கு மேல் போகும் எண்ணம் இருப்பவர்கள் பிக்கிபேக்கை விட்டுவிட்டு, நேராக இதற்கே பணத்தைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே பிக்கிபேக் பொருத்திய பழைய காரை வாங்கியவர்கள், பெட்டியின் எல்லா எண்களையும் சுழியமாக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே 660 சிசி இன்ஜெக்டர் இருந்தால் தேவைக்கு மேல் 47% பெட்ரோல் பாய்ந்து, ஸ்பார்க் பிளக்குகள் நனைந்துவிடும். முதலில் திரையில் உள்ள எண்களை அப்படியே எழுதி வைத்து, இன்ஜெக்டரின் உடலில் உள்ள குறியீட்டை வைத்து அதன் அளவைக் கண்டுபிடித்து, படி 2-இன் கணக்கோடு ஒப்பிடுங்கள். கணக்கும் எண்களும் வெகுவாக விலகினால், படி 1-இன் கசிவுச் சோதனையையும் எரிபொருள் அழுத்தச் சோதனையையும் முடிக்கும் வரை பூஸ்ட் ஏற விடாமல் ஓட்டுங்கள்.