பிள்ளை யாரிடம் இருக்கும்? விவாகரத்துக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு செய்முறை

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கும் ஒரு அப்பா நான். மகள் அவள் அம்மாவோடு ஈரோட்டில் வளர்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு என்னிடம் வருவாள். இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் செய்த தப்புகளில் பாதி, சட்டம் தெரியாமல் செய்தவை. வக்கீல் நோட்டீஸை இப்போதுதான் கையில் வாங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் சொல்வது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை வைத்து. முஸ்லிம், கிறிஸ்தவத் திருமணங்களுக்கு விவாகரத்துச் சட்டம் வேறு.

படி 1: முத்திரைத் தாளை நம்பாதீர்கள்

எங்கள் பக்கம் கோர்ட்டுக்கு முன்னால் திண்ணைப் பேச்சு நடக்கும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, பவுனையும் சீரையும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை' என்று பத்திரத்தில் எழுதி வாங்கிவிடுவார்கள். பிள்ளை யாரிடம் என்பது அதில் கடைசி ஒரு வரி. நோட்டரி முத்திரை குத்தினாலும் அது விவாகரத்து ஆகாது. வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்கிறது, உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அது முடியாமல், அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது கல்யாணம் செல்லாது.

பெரியவர்கள் பேசட்டும், தப்பில்லை. பேசி முடித்ததை மனுவாக்கிக் கோர்ட்டில் கொடுங்கள்.

படி 2: எந்தக் கோர்ட்?

கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு குடியிருக்கும் ஊர் ஆகிய எதிலும் விவாகரத்து மனு போடலாம். மனைவி போடுவதென்றால் அவர் இப்போது இருக்கும் ஊரிலும் முடியும். பிள்ளைக்காக மட்டும் தனி மனு என்றால், பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்தான். கோவை, சேலம் போன்ற இடங்களில் குடும்ப நல நீதிமன்றம் உண்டு; அது இல்லாத ஊர்களில் விவாகரத்து மனுவுக்குச் சார்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

படி 3: சம்மதமா, சண்டையா?

இருவருக்கும் சம்மதம் என்றால் 13பி பிரிவு. ஒரு வருடமாவது கணவன் மனைவியாக வாழாமல் இருந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து போடும் முதல் மனுவுக்கும், சம்மதத்தை உறுதி செய்யும் இரண்டாவது மனுவுக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி. ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரசமும் தோற்று, பிள்ளை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடிந்திருந்தால் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

சம்மதம் இல்லையென்றால் கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது என்று சட்டம் சொல்லும் காரணத்தை நிரூபிக்க வேண்டும். வாய்தா மேல் வாய்தா.

படி 4: பிள்ளை விஷயம்

முதல் தடவை போனபோது மனைவியின் குற்றங்களைப் பதினைந்து பக்கம் எழுதி எடுத்துப் போனேன். வக்கீலம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஏனுங்க, பாப்பாவோட கிளாஸ் டீச்சர் பேரு என்னங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் அந்தக் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) சட்டமும் பார்ப்பது பிள்ளையின் நலனை. ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். அதுவும் 'சாதாரணமாக' தான், மாற்றவே முடியாத விதி அல்ல. அப்பாதான் இயற்கைக் காப்பாளர் என்று எங்கள் சொந்தத்தில் அடித்துப் பேசுவார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே, பிள்ளையை அவர் கவனிக்காத நிலையில் அம்மாவும் காப்பாளர் ஆகலாம் என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது.

விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறையில் கூப்பிட்டுப் பேசுவார். தயவுசெய்து பாடம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள். ஒப்பித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட, பிள்ளைக்கு அது பெரிய பாரம்.

ஆகவே எழுத வேண்டியது பிள்ளையின் ஒரு நாள். யார் எழுப்புகிறார், பள்ளி வேன் எத்தனை மணிக்கு, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுகிறார், நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது அப்பத்தாவா, அம்மிச்சியா, யார் பார்த்துக்கொள்கிறார். கூடவே பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீதுகள்.

படி 5: வழக்கு நடக்கும்போது

இடைக்கால மனு போட்டுப் பிள்ளையைச் சந்திக்க உத்தரவு கேட்கலாம். நான் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் யாரிடமும் சொல்லாமல் மகளைக் கூட்டிவந்து மூன்று நாள் வைத்துக்கொண்டேன். அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

இன்னொரு தப்பு: பார்க்க விடவில்லை என்று பள்ளிக் கட்டணத்தை நிறுத்தினேன். செலவுக்குக் கொடுப்பது வேறு, சந்திப்பது வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த முடியாது. 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும்; ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், வருமான வரம்பு கிடையாது. இலவச அழைப்பு எண் 15100.

படி 6: சந்திப்பு நாட்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

'பண்டிகை நாட்களில் பார்க்கலாம்' என்று எழுதினால் சண்டைக்கு வித்து. எங்கள் உடன்பாட்டில் தீபாவளி ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே. பட்டிப் பொங்கல் எப்போதும் எங்கள் தோட்டத்தில். மாரியம்மன் நோம்பி அம்மிச்சி வீட்டில். மே விடுமுறை பாதிப் பாதி. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பது என்பதும் உண்டு. காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், அதையும் எழுதினோம்.

பிள்ளை குறித்த உத்தரவை 26ஆம் பிரிவின் கீழ் பிற்பாடு மாற்றவும் முடியும். முதலில் எங்களுக்குச் சனிக்கிழமைதான் இருந்தது. மகள் ஏழாம் வகுப்புக்குப் போனதும் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தார்கள். இருவரும் சேர்ந்து ஒரு மனு போட்டு ஞாயிறாக மாற்றிக்கொண்டோம்.