பழைய இயங்குதளத்தில் எந்த உலாவி ஓடும்? கண்டறிந்து நிறுவும் முறை

என் பெரியப்பா வீட்டு மேசைக் கணினியில் குரோமைத் திறந்தால், முகவரிப் பட்டைக்குக் கீழே ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். இனிப் புதுப்பிப்புகள் வேண்டுமானால் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை, இந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் 7 என்பதே அதன் சாரம். சில இணையப் பக்கங்கள் பாதியோடு நின்றன. சில திறக்கவே மறுத்தன. பழுதுபார்க்கக் கொண்டுபோன கடையில், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கணினி இன்றும் ஓடுகிறது. அதற்காகச் செய்தவற்றை, கணினிக்குப் புதியவர்களும் பின்பற்றும் வகையில் செய்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: கடிகாரத்தைப் பாருங்கள்

உலாவியைத் தொடுவதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பெரியப்பாவின் கணினியில் அது 2009 ஜனவரி 1 என்று காட்டியது. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பது அதிலேயே பதிவாகியிருக்கும். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தால், இன்றைய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வராத ஒன்றாக உலாவிக்குத் தெரியும். உடனே அது எச்சரிக்கை காட்டி வழியை அடைத்துவிடும். தேதியைத் திருத்திய பிறகும், மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் போடும்போதெல்லாம் பழைய தேதியே வருகிறது என்றால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற வகை. கைக்கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதியதைப் பொருத்துங்கள். இதை மாற்றியதுமே, திறக்க மறுத்த பக்கங்களில் பல திறந்துகொண்டன.

இரண்டாம் படி: இயங்குதளம், அதன் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா

விண்டோஸ் 7 கணினியில் திரையிலுள்ள கம்ப்யூட்டர் என்ற படவுருவின் மேல் வலது சொடுக்கு செய்து, ப்ராபர்ட்டீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்ற வரிசையில் செல்லுங்கள். வரும் பக்கத்தில் பதிப்பின் பெயர், நினைவகத்தின் அளவு, சிஸ்டம் டைப் என்ற வரியில் 32 அல்லது 64 பிட் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேக் கணினியில் இடது மேல் மூலையிலுள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, அபவுட் திஸ் மேக் என்பதைத் திறந்தால் போதும்.

உலாவியின் பதிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். குரோமில் மூன்று புள்ளிப் பட்டியலில் ஹெல்ப், அதற்குள் அபவுட் கூகுள் குரோம். ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோட்டுப் பட்டியலில் ஹெல்ப், அதற்குள் அபவுட் ஃபயர்ஃபாக்ஸ். முதல் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்தான் நமக்கு வேண்டிய எண்.

மூன்றாம் படி: எதற்கு எது பொருந்தும்

உலாவி தனித்து இயங்கும் மென்பொருள் அன்று. திரையில் வரைவது, கோப்பைச் சேமிப்பது, தீங்கான பக்கம் கணினிக்குள் நுழையாமல் ஒரு வேலிக்குள் அடைத்து வைப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அது இயங்குதளத்தின் வசதிகளையே நம்பியிருக்கிறது. அந்த வசதிகள் பழைய இயங்குதளத்தில் இல்லாதபோது, அதற்காகத் தனியாக எழுதிச் சோதிக்கும் வேலையை உலாவி நிறுவனங்கள் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகின்றன.

விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றுக்குக் குரோம் 49 கடைசிப் பதிப்பு. 2016-இல் அதற்கான ஆதரவு நின்றது. ஃபயர்ஃபாக்ஸ் 52 இ.எஸ்.ஆர்., அதாவது நீண்ட காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பெறும் பதிப்பு, 2018 வரை வந்தது. இந்த இரண்டு இயங்குதளங்களையும் இணையத்தில் இணைக்காமல், தட்டச்சுக்கும் பழைய கோப்புகளைப் பார்ப்பதற்கும் மட்டும் பயன்படுத்துவதே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் குரோம் 109-உடன் நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 கட்டாயம். இங்கேதான் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். குரோம் நின்றுவிட்டதே என்று எட்ஜ், பிரேவ், ஓப்பரா என ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கிறார்கள். பெயர்களும் தோற்றமும் வேறானாலும் இவை எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. எட்ஜும் அதே 109-இல்தான் நின்றது. வேறு அடித்தளம் கொண்டது ஃபயர்ஃபாக்ஸ். 2023 ஜூலையில் வந்த அதன் 115 இ.எஸ்.ஆர். பதிப்புதான் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கும், மேக் ஓஎஸ் 10.12 முதல் 10.14 வரைக்கும் கடைசி. இதை நிறுத்தும் நாளை, ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மொசில்லா பலமுறை தள்ளிவைத்திருக்கிறது. ஆகவே நிறுவும் முன் அவர்களின் ஆதரவுப் பக்கத்தில் இப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸுக்கு இன்னொரு பலமும் உண்டு. நம்பத்தக்க சான்றிதழ் நிறுவனங்களின் பட்டியலை அது விண்டோஸிடம் கேட்பதில்லை, தன்னுடனேயே கொண்டுவருகிறது. இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களைத் தாங்கிநின்ற பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, நெடுநாள் புதுப்பிக்கப்படாத கணினிகளில் எண்ணற்ற தளங்கள் திடீரென்று எச்சரிக்கை காட்டின. அதே கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் அவற்றைச் சிக்கலின்றித் திறந்ததற்கு இதுவே காரணம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டாலும், அதன் 22எச்2 பதிப்பில் எட்ஜுக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பிப்பு தருவதாக அறிவித்திருக்கிறது. உலாவியை மட்டும் வைத்துப் பார்த்தால் அவசரப்படத் தேவையில்லை. மேக் கணினியில் சஃபாரியின் புதுப்பிப்பு இயங்குதளத்தோடு கட்டுண்டது. குரோம் 139 முதல் குறைந்தது மேக் ஓஎஸ் 12 வேண்டும். விண்டோஸுக்கான சஃபாரியோ 2012-இல் 5.1.7 பதிப்போடு நின்றுபோனது. எங்காவது கிடைத்தாலும் நிறுவாதீர்கள்.

நான்காம் படி: சேமித்துவிட்டு நிறுவுங்கள்

குரோமில் புக்மார்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ் என்பதை அழுத்திக் கோப்பைப் பென் டிரைவில் வையுங்கள். கடவுச்சொற்களையும் இவ்வாறே வெளியே எடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்பில் அவை மறைப்பு ஏதுமின்றி அப்படியே எழுதப்பட்டிருக்கும். புதிய உலாவியில் ஏற்றிய அடுத்த நிமிடமே அதை அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

நிறுவல் கோப்பை மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். பழைய பதிப்புகள் இலவசம் என்று தேடலில் முதலில் வந்து நிற்கும் வேறு தளங்களை நம்ப வேண்டாம். இறக்கும் பக்கத்தில் இ.எஸ்.ஆர். 115, உங்கள் மொழி, இரண்டாம் படியில் குறித்த பிட் எண்ணிக்கை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். 64 பிட் கோப்பு 32 பிட் விண்டோஸில் ஓடாது. நிறுவியதும் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து, "கொ", "ஸ்ரீ" போன்ற எழுத்துகள் சிதறாமல் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் திறக்கும் என்று அடம்பிடிக்கும் பழைய அலுவலகத் தளம் உங்களுக்குத் தேவைப்பட்டால், விண்டோஸ் 10 அல்லது 11-இல் எட்ஜின் செட்டிங்ஸில் டீஃபால்ட் பிரவுசர் பகுதிக்குச் சென்று, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடை அனுமதியுங்கள். நீங்கள் சேர்க்கும் முகவரி 30 நாள் பட்டியலில் இருக்கும். பிறகு மீண்டும் சேர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: இயங்குதளத்தையே மாற்றுவது

ஃபயர்ஃபாக்ஸ் 115 பக்கத்தைத் திறந்துவிடுகிறது என்பதற்காக விண்டோஸ் 7 பாதுகாப்பானதாகிவிடாது. 2020 ஜனவரி 14-க்குப் பிறகு வீட்டுக் கணினிகளில் அதன் ஓட்டைகள் அடைக்கப்படவே இல்லை. அந்தக் கணினியில் செய்தி படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். பணப் பரிமாற்றத்தைத் தயவுசெய்து வேறு கருவியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு ஓய்வூதியக் கணக்கை அதிலேயே பார்க்க வேண்டியிருந்ததால் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினோம்.

64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் இருந்தால் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நன்றாக ஓடும். ஃபயர்ஃபாக்ஸ் அதில் முன்கூட்டியே இருக்கும்; குரோமும் வேண்டுமென்றால் நிறுவிக்கொள்ளலாம். வேறொரு கணினியில் அதை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, பழைய கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். வன்தட்டில் எதையும் மாற்றாமலேயே முழு இயங்குதளமும் திரையில் வந்துவிடும். அந்த நிலையிலேயே வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி தெரிகிறதா, உங்களுக்கு வேண்டிய தளங்கள் திறக்கின்றனவா என்று பொறுமையாகச் சோதியுங்கள். நான்கும் சரியாக அமைந்து, படங்களும் ஆவணங்களும் வெளியே நகலெடுக்கப்பட்ட பிறகே திரையில் உள்ள இன்ஸ்டால் படவுருவை அழுத்துங்கள்.