மூன்று நாளாகப் பிரித்துப் படியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சரித்திரத்தை ஒரே ராத்திரியில் நெட்டுருப் போடுகிறாள். காலையில் பள்ளி பஸ்ஸுக்கு நிற்கும்போதே பாதி ஆண்டுகள் மறந்துவிடுகின்றன, பாவம்.

இதற்கு 1885-லேயே வழி சொன்னவர் ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்கவுஸ். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் நினைவையே சோதித்தார் எபிங்கவுஸ். 12 அசைகளை ஒரே நாளில் 68 முறை சொன்ன பலன், மூன்று நாளாகப் பிரித்தபோது 38 முறையிலேயே கிடைத்தது!

சரி, இன்று ஒரு பக்கம் படியுங்கள். நாளையும் மறுநாளும் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவிடம் ஒப்பித்துக் காட்டுங்கள். அவர் பால்மரம் சீவிவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும் பத்து நிமிடம் போதும்.