தோழிக்கு ஓவியம், அதில் ஒரு துண்டுச் சேலை: எங்கெல்லாம் சறுக்கும்?

கேன்வாஸில் ஒரு பெண்ணை வரைந்து, அவள் கட்டியிருக்கும் சேலையை மட்டும் நிஜத் துணியில் வைத்துக் கொடுக்கும் பரிசு எனக்கு மிகவும் பிடித்தது. கல்யாணத்துக்கும் கொடுக்கலாம், பிறந்தநாளுக்கும் கொடுக்கலாம். வரையத் தெரிந்தவர்கள்கூட இதில் சறுக்குவது துணியிடம்தான். படத்தை முழுக்க முடித்துவிட்டு, "சரி, இதற்கு என்ன துணி ஒட்டலாம்?" என்று அப்புறம் தேடுவதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. முதலில் துணியை எடுத்து மேஜையில் வையுங்கள். உருவத்தின் அளவு, நிற்கும் வாகு, பின்னணி நிறம் எல்லாவற்றையும் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது அளவில். ஐந்தடிப் பெண் கட்டும் சேலைக்கு நாலு இஞ்ச் பார்டர் என்றால், படத்தில் ஒரு அடி உயரம் இருக்கும் பெண்ணுக்கு முக்கால் இஞ்ச் சொச்சம்தான் வரும். அசல் காஞ்சிபுரம் பார்டரை அப்படியே வெட்டி ஒட்டினால், அவள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரே ஒரு மயில் நிற்கும். பார்டரின் விளிம்பில் ஓடும் மெல்லிய ஜரிகைக் கோட்டை மட்டும் எடுங்கள், அது போதும். சேலையின் உடம்புக்கு மதுரைச் சுங்குடியின் பொடிப் புள்ளியோ, ரவிக்கைத் துணியின் சின்னக் கட்டமோ சரியாக இருக்கும்.

அடுத்தது கொசுவம். சின்ன உருவத்தில் துணி தானாக விழாது. கெட்டிப் பருத்தி அட்டை மாதிரி விறைத்து நிற்கும். மல் துணி, ஷிஃபான், பழகிய மெல்லிய பட்டு இவைதான் மடிப்புக்குப் படியும். மடிப்புகளைப் பசையால் ஒட்ட நினைக்காதீர்கள். முதலில் இஸ்திரி போட்டு மடிப்பைப் படிய வையுங்கள். பிறகு இடுப்பில் இரண்டு தையல், தோளில் இரண்டு தையல் என்று கேன்வாஸோடு சேர்த்தே தைத்துவிடுங்கள். கேன்வாஸில் ஊசி நன்றாக இறங்கும். கீழ்ப்பக்கம் சும்மா தொங்கட்டும். துணி அசைந்தால்தான் அது சேலையாகத் தெரியும்.

பசை தேவைப்படும் இடத்திலும் கை கட்டுப்பாடு வேண்டும். பட்டின் பின்புறம் ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவினால் ஈரம் முன்பக்கம் ஊறி, காய்ந்த பிறகும் திட்டாக நிற்கும். பசையைத் துணியில் தடவாமல் கேன்வாஸில் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, லேசாக ஒட்டும் பதம் வந்ததும் துணியை வைத்து அழுத்துங்கள். க்ளூ கன் மெல்லிய துணிக்கு ஆகாது, கட்டி கட்டியாகப் புடைத்துக் காட்டும். மைதாப் பசை பூச்சியை அழைக்கும். புத்தக பைண்டிங் செய்பவர்கள் அதில் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பது இதனால்தான். அது விஷம், வீட்டில் வேண்டாம்.

வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்கச் சுலபமான வழி உண்டு. வெட்டப்போகும் கோட்டின் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிசாக இழுத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் தடவினால் அதற்குள் பாதி நூல் வெளியே வந்திருக்கும். சாயத்தையும் சோதிக்க வேண்டும். வெள்ளைத் துணியை நனைத்து மேலே அழுத்திப் பாருங்கள். நிறம் இறங்கினால், இறங்குவது நிற்கும் வரை அலசிக் காயவைத்த பிறகே படத்தின் பக்கம் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் பசையின் ஈரத்திலேயே அரக்குச் சிவப்பு கசிந்து முகம் வரை ஏறும்.

தோழியின் அம்மா சேலையில் ஒரு துண்டு கிடைத்தால் அதைவிட நல்ல பரிசு இல்லை. ஆனால் கேட்காமல் கத்தரி வைக்கக் கூடாது. பழைய பட்டு மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடிப்பு விழாத இடத்தில் வெட்டுங்கள். முந்தானையைத் தொடாதீர்கள். இடுப்பில் உள்ளே செருகும் முனையிலிருந்து எடுத்தால் சேலையும் பிழைக்கும்.

வண்ணம் அக்ரிலிக்காக இருக்கட்டும். எண்ணெய் வண்ணம் முழுக்கக் காய மாதக்கணக்கில் ஆகும், எண்ணெய் துணியிலும் ஊறும். வார்னிஷ் அடிப்பதாக இருந்தால் துணி வைக்கும் முன்பே அடித்துக் காயவிடுங்கள். பிறகு அடித்தால் துணி கறுத்து விறைத்துவிடும்.

கல், கண்ணாடி, சம்கி என்று கனமாக வைக்க ஆசைப்பட்டால் கேன்வாஸ் தொய்யும். தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையின் மேல் துணியை ஒட்டி, அதன்மேல்தான் புடைப்பு வேலை செய்து கல் பதிக்கிறார்கள். நீங்களும் பிளைவுட் பலகைக்கு மாறிவிடுங்கள். அப்போது இடுப்பிலும் தோளிலும் தைக்க, துணி வைக்கும் முன்பே பலகையில் பொடித் துளை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபிரேம் கடையில் "கண்ணாடி துணியைத் தொடக் கூடாது, நடுவில் இடைவெளி விட்டுப் பெட்டி ஃபிரேமாகப் போடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கண்ணாடி அழுத்தினால் கொசுவம் அத்தனையும் தட்டையாகிவிடும். ஃபிரேம் போடாமல் கூரியரில் அனுப்புவதாக இருந்தால், பபிள் ரேப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றாதீர்கள். வெயிலில் அக்ரிலிக் இளகி, குமிழியின் வட்டங்கள் பதிந்துவிடும். முதலில் ஒரு பட்டர் பேப்பர், அதன்மேல் படத்தைத் தொடாதபடி அட்டை, அப்புறம்தான் பபிள் ரேப்.